இடப்பக்கம் கடல்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக்கில் போனவர்களுக்கு இது தெரியும். அந்தச் சாலையில் கடல் அதிகம் கண்ணில் படாது. திருவான்மியூரைத் தாண்டினால் மனைகள், ஓட்டல்கள், ரிசார்ட் மதில்கள், நடுநடுவே சவுக்குத் தோப்பு. முட்டுக்காட்டுப் பாலத்தின் மேல் ஒரு நிமிஷம் கழிமுகம் அகலமாகத் திறந்து காட்டும். அப்புறம் மறுபடியும் மதில். புதுச்சேரி வரைக்கும் கடல் அரை கிலோமீட்டர், ஒரு கிலோமீட்டர், சில இடங்களில் அதற்கும் மேலே தள்ளி இருக்கும். வண்டியை முறுக்கிக்கொண்டு போனால் மூன்று மணி நேரத்தில் புதுச்சேரி வந்துவிடும். கடல் மட்டும் வந்திருக்காது.

இதை எனக்குச் சொன்னது என் மனைவி. ஒரு தடவை புதுச்சேரி போய்த் திரும்பிய அலுப்பில் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்: "இவ்ளோ தூரம் போயிட்டு வந்தோம், கடலை எங்கங்க பார்த்தோம்? அங்க பீச் ரோட்டுல பார்த்ததுதான். அதுக்கு பஸ்லயே போயிருக்கலாமே."

அந்தக் கேள்வியிலிருந்துதான் இப்போது நாங்கள் போடுகிற திட்டம் தொடங்குகிறது. ஆவடி பக்கத்தில் எங்கள் ஊரான கோவில்பதாகையிலிருந்து தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை, முழுக்கக் கரையை ஒட்டி. ஒரு நாளைக்கு ரொம்பத் தூரம் கிடையாது. வண்டி ஒன்று, ஆள் இரண்டு. திட்டத்தின் அடிப்படை ரொம்ப எளிமை. தெற்கே போகும்போது கடல் நமக்கு இடப்பக்கம். நம் ஊரில் வண்டி ஓட்டுவதும் இடப்பக்கம். அதனால் கடலுக்குப் பிரிகிற ஒவ்வொரு சின்னச் சாலைக்கும் எதிரே வருகிற லாரியைக் குறுக்கே வெட்டாமல், இண்டிகேட்டரைப் போட்டு அப்படியே இறங்கிவிடலாம். திரும்பி வரும்போது கடல் வலப்பக்கம் போய்விடும், ஒவ்வொரு முறையும் நடுச்சாலையில் நின்று காத்திருக்க வேண்டும். ஆகவே போவது கரையோரம், வருவது உள்நாட்டு வழி. எத்தனை கிலோமீட்டர் என்று எழுதுவதற்கு முன்னால், எங்கெங்கே இடப்பக்கம் திரும்புவது என்றுதான் நோட்டில் எழுதினோம்.

கோவில்பதாகைக்காரர்களுக்குக் கடல் தூரமில்லை. நேர்கோட்டில் அளந்தால் திருவொற்றியூர்க் கரை இங்கிருந்து இருபது கிலோமீட்டர்தான். ஆனாலும் எங்கள் பக்கத்து வாழ்க்கையில் தண்ணீர் என்றால் ஏரி. கோவில்பதாகை ஏரி, பருத்திப்பட்டு ஏரி, கொஞ்சம் தள்ளிப் போனால் புழல். மழைக்காலத்தில் ஏரி நிரம்பிவிட்டதா என்பதுதான் எங்கள் தெருவில் பேச்சு, கடல் யாருக்கும் நினைப்பில் இருக்காது. அதற்குப் பதில் எங்களிடம் புல்லட் இருக்கிறது. டேங்க் ஃபேக்டரி, பட்டாளம், போலீஸ் என்று காக்கியும் பச்சையும் கலந்த ஊர் ஆவடி. ரிட்டயரான பெரியவர்கள் காலையில் பால் வாங்கப் போவதுகூட புல்லட்டில்தான். 1950களில் எல்லைக் காவலுக்கு ராணுவம் தேர்ந்தெடுத்த வண்டி அது. அதற்காகவே 1955இல் திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. பிற்பாடு ஒரகடம், வல்லம் வடகால் என்று தெற்கே நகர்ந்தாலும், வங்கக் கடலின் உப்புக் காற்றில் பிறந்த வண்டி என்று அதைச் சொல்ல எனக்குப் பிடிக்கும். எங்களுடையதும் பழைய 350தான்.

முதலில் எப்போது போவது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் பிடித்து டிசம்பர் வரை நிற்கும், அந்த மூன்று மாதமும் இந்தக் கரைக்கு ஆகாது. புயல் வருகிற காலமும் அதுதான். ஏப்ரல், மே வெயிலில் தார்ச்சாலையின் சூடு முழங்கால் வரை ஏறும். அதோடு ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. சின்னப் படகுகள் கொண்டுவரும் மீன் கிடைக்கும், ஆனால் மீன் இறங்குதளங்களின் காலை ஆரவாரம் இருக்காது. அதைப் பார்ப்பதற்காகவே பாதி இடங்களில் நிறுத்தம் வைத்திருக்கும்போது அது பெரிய நஷ்டம். ஆக, தை, மாசிதான் சரி.

அதிலும் கவனிக்க வேண்டியது உண்டு. காணும் பொங்கலன்று மாமல்லபுரம் பக்கம் தலை காட்ட முடியாது. ஐயப்ப பக்தர்கள் மலையிலிருந்து இறங்கி ராமேசுவரம் வருவது மகரஜோதி வரை ஓயாது. தை அமாவாசைக்கு ராமேசுவரம், வேதாரண்யம், கோடியக்கரை மூன்றிலும் நீராட லட்சக்கணக்கில் கூடுவார்கள், அறை கிடைக்காது. எனவே தை அமாவாசை கழிந்து, ஞாயிற்றுக்கிழமையாக இல்லாத ஒரு நாளில் கிளம்புவது என்று முடிவு. (ஆகஸ்டு 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. அந்த நாள்களில் போகிறவர்கள் சென்னையிலிருந்தே நடந்து வருகிற ஜனங்களைச் சாலையில் பார்ப்பீர்கள். வேகத்தைக் குறையுங்கள்.)

வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆவடியில் எங்கள் மெக்கானிக் அண்ணன் எதையும் அவசரப்பட்டுச் சொல்ல மாட்டார். ரூட்டைக் கேட்டார், செயினைத் தொட்டுப் பார்த்தார்.

"கடல் ஓரமா போறீங்க. இன்ஜினைப் பத்தி நீங்க கவலைப்படாதீங்க தம்பி, அது போகும். இந்தச் செயின்தான். உப்புக் காத்தும் மணலும் சேர்ந்தா ஒரே ராத்திரியில சிவந்துடும்."

"தினமும் ஆயில் விடணுமாண்ணே?"

"முதல்ல நல்ல தண்ணி ஊத்திக் கழுவணும். துடைச்சு, காஞ்ச அப்புறம் ஸ்பிரே. மணலோட எண்ணெய் விட்டீங்கன்னா அதுவே உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். ராத்திரி ரூம் எடுக்கறப்ப குழாய் இருக்கான்னு பாருங்க, ஏசி இருக்கான்னு அப்புறம் பாருங்க."

இதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன். கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் ஒவ்வொன்று உபரியாக, ஒரு ஸ்பார்க் பிளக், முன்னுக்கும் பின்னுக்கும் ஒவ்வொரு டியூப். எங்கள் வண்டியின் ஸ்போக் சக்கரத்தில் இருப்பது டியூப் டயர். பஞ்சரானால் டியூப்லெஸ் மாதிரி வெளியிலிருந்தே குத்தி அடைத்துவிட்டுக் கிளம்ப முடியாது, சக்கரத்தைக் கழற்றியாக வேண்டும். மல்லிப்பட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவே பஞ்சர் கடைகளில் நம் சைஸ் டியூப் இருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. கடைசியாக அண்ணன் பட்டறை மூலையிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு இரும்புத் தகட்டை எடுத்து, ஓரத்தில் ஓட்டை போட்டு, ஒரு முழம் கயிறு கட்டிக் கொடுத்தார். மணலில் சைடு ஸ்டாண்டுக்கு அடியில் வைக்க. கிளம்பும்போது கயிற்றை இழுத்தால் தகடு கையோடு வந்துவிடும், இறங்கிக் குனிய வேண்டாம். கிட்டத்தட்ட 190 கிலோ வண்டி, மேலே சேடில் பேக் வேறு, கடற்கரை மணலில் ஸ்டாண்டு புதைந்து சாய்ந்தால் ஒருவராகத் தூக்குவது பாடு. இந்தப் பயணத்துக்காகச் சேர்த்த பொருள்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தத் தகடுதான்.

ஒத்திகைக்குப் பழவேற்காட்டை வைத்திருக்கிறோம். நெமிலிச்சேரியில் வெளிவட்டச் சாலையைப் பிடித்து வடக்கே மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் போனால் அரை நாளில் முடிகிற தூரம். முழுச் சுமையையும் கட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டால் எந்தப் பை ஆடுகிறது, பின்னால் உட்கார்ந்தவருக்கு எத்தனை கிலோமீட்டரில் முதுகு பிடிக்கிறது என்று தெரிந்துவிடும். பழவேற்காடு வெறும் ஒத்திகைக்கான ஊரும் இல்லை. சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்கள் முதலில் கோட்டை கட்டிய இடம், அவர்களுடைய கல்லறைத் தோட்டத்தின் வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகள் இன்றும் நிற்கின்றன. பிற்பாடு நாங்கள் பார்க்கப் போகிற சதுரங்கப்பட்டினத்துக்கு இது முன்கதை.

பயணத்தின் முதல் காலை இப்படி. விடிவதற்கு முன் ஐந்து மணிக்குக் கிளம்பி, பட்டாபிராம் தாண்டி நெமிலிச்சேரி, அங்கே வெளிவட்டச் சாலையில் தெற்கே திரும்பி வண்டலூர். கன்டெய்னர் லாரிகள் விளக்கில்லாமல் ஓரங்கட்டி நிற்கிற சாலை அது, இருட்டில் அறுபதைத் தாண்டாமல் போவது நல்லது. வண்டலூரிலிருந்து மாம்பாக்கம் வழியாகக் கேளம்பாக்கம், அங்கிருந்து கோவளம். தை மாதத்தில் சூரியன் ஆறரை மணி வாக்கில் எழும். அதற்குள் கோவளம் போய்ச் சேர்ந்துவிடலாம். நகரத்துக்குள் நுழையாமல், திருவான்மியூர் நெரிசலைப் பார்க்காமல் கடலுக்குப் போய்விடலாம் என்பது மேற்குப் புறநகரில் இருப்பவர்களுக்குக் கிடைத்த வரம். சுங்கச்சாவடிகளில் இருசக்கர வண்டிக்குக் கட்டணமும் இல்லை.

மாமல்லபுரத்தில் இந்த முறை நாங்கள் கடற்கரைக் கோயிலுக்குப் போகவில்லை, அதற்குச் சற்று முன்னாலேயே இருக்கிற சாளுவன்குப்பத்தில் நிறுத்துகிறோம். புலிக்குகைக்கு எல்லோரும் போவார்கள். அதன் பக்கத்திலேயே, 2004 சுனாமி மணலை வாரிக்கொண்டு போன பிறகு கல்வெட்டு தெரிந்து, தொல்லியல் துறை தோண்டி எடுத்த முருகன் கோயில் இருக்கிறது. பல்லவர் கட்டுமானத்துக்குக் கீழே அதற்கும் பழைய செங்கல் அடித்தளம். கருவறையைத் தவிர மிச்சமெல்லாம் தரையோடு தரையாக, காலை வெயிலில் செங்கல் செங்கலாகத் தெரியும்.

பிறகு சதுரங்கப்பட்டினம், டச்சுக் கோட்டை. கல்பாக்கத்துக்குத் தெற்கே பாலாற்றுப் பாலம். முதலியார்குப்பத்தில் ஓடியூர்க் கழி, படகுத்துறை. மாமல்லபுரத்திலிருந்து புதுச்சேரி வரை சாலையை நான்குவழியாக அகலப்படுத்துகிற வேலை நடக்கிறது. மாற்றுப்பாதை, ஜல்லி, புழுதி எல்லாம் எதிர்பார்த்துத்தான் போக வேண்டும். பைக்குக்கு உதிரி ஜல்லி நல்ல சகுனம் இல்லை, அந்த இடங்களில் முன் பிரேக்கைத் தொடாமல் கியரைக் குறைத்துப் போவது உத்தமம்.

இந்த முதல் நாளில் நான் ரொம்ப நேரம் ஒதுக்கியிருப்பது கடப்பாக்கத்துக்கும் மரக்காணத்துக்கும் இடையே. கடப்பாக்கத்தில் இடப்பக்கம் திரும்பினால் ஆலம்பரைக் கோட்டை. செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர்கள் கழிமுகத்தின் ஓரத்தில் பாதி இடிந்து நிற்கும். 1750இல் முசாபர் ஜங் இதைப் பிரெஞ்சுக் கவர்னர் டூப்ளேக்குக் கொடுத்தார், பத்தே வருஷத்தில் ஆங்கிலேயர்கள் உடைத்துப் போட்டார்கள். கோட்டைச் சுவர் மேல் நின்றால் முன்னால் அசையாத கழி, அதற்கு அப்பால் ஒரு மணல்திட்டு, அதற்கும் அப்பால் கடல். மூன்றும் ஒரே பார்வையில் கிடைக்கிற இடம் இந்தச் சாலையில் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

கடப்பாக்கத்தைச் சுற்றியுள்ள ஊர்களெல்லாம் சேர்ந்த பேரூராட்சியின் பெயர் இடைக்கழிநாடு. சங்க இலக்கியம் படித்தவர்களுக்கு அந்தப் பெயர் மணி அடிக்கும். சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நல்லூர் நத்தத்தனார் இந்த இடைக்கழிநாட்டுக்காரர். 269 அடி. ஒரு பாணன் இன்னொரு பாணனுக்கு, கிடங்கில் என்கிற ஊரில் இருந்த ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் போக வழி சொல்கிற பாட்டு. கிடங்கில் இன்றைய திண்டிவனத்தில் இருக்கிறது. வழியில் முதலில் வருவது எயிற்பட்டினம், அது மரக்காணம்தான் என்று ஆய்வாளர் பலர் சொல்கிறார்கள். அங்கே பரதவர் வீட்டில் பழைய கள்ளும் சுட்ட குழல்மீனும் கிடைக்கும். அடுத்து வேலூர், அங்கே எயினப் பெண்கள் புளி சேர்த்துச் சமைத்த சோறும் ஆமான் இறைச்சியும். அதற்கடுத்து ஆமூர், உழவர் வீட்டில் வெள்ளைச் சோறும் நண்டுக் கலவையும்.

பயணத் திட்டம் போட உட்கார்ந்தபோது இந்தப் பாட்டைத்தான் நான் திரும்ப எடுத்தேன். இத்தனை காதம் என்கிற கணக்கைவிட, எந்த ஊரில் எந்த மாதிரி மனுஷர்கள், அவர்கள் வீட்டில் என்ன சாப்பாடு என்பதைத்தான் நத்தத்தனார் பெரிசாகச் சொல்கிறார். நெய்தல், முல்லை, மருதம் என்று நிலம் மாறுவது சாப்பாட்டிலேயே தெரிகிறது. இன்றைக்கு நாம் கூகுள் வரைபடத்தில் முதலில் பார்ப்பது மணியும் கிலோமீட்டரும். அதே கரையில், அதே ஊர்களின் வழியாகப் போகிற ஒருவன் இவ்வளவு பழைய, இவ்வளவு நல்ல உதாரணத்தை விட்டுவிட்டு வேறு எதைப் பார்த்துத் திட்டம் போடுவது? எங்கள் நோட்டில் ஒவ்வொரு நிறுத்தத்துக்கு எதிரிலும் அந்த ஊரில் என்ன சாப்பிடுவது, யாரிடம் கேட்பது என்று ஒரு வரி இருக்கிறது.

மரக்காணத்தில் உப்பளம். பக்கிங்காம் கால்வாய் முடிகிற ஊரும் அதுதான். ஆந்திராவிலிருந்து கரையை ஒட்டியே வந்து, சென்னைக்குள் புகுந்து, எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கிற அதே கால்வாய் இங்கே சுத்தமாக, அகலமாகக் கழிமுகத்தில் கலக்கிறது. பக்கத்தில் கழுவேலி. 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். தை மாதம் போனால் பூநாரைகளுக்கு வாய்ப்பு உண்டு.

கடலுக்குப் பிரிகிற சாலைகளைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அவற்றில் பெரும்பாலானவை ஒரு மீனவக் குப்பத்தில் போய் முடிபவை. யாரோ ஒருவர் வீட்டு வாசலுக்குள் வண்டியோடு நுழைகிறோம் என்ற நினைப்பு வேண்டும். ஹாரன் வேண்டாம். சைலன்சரை மாற்றிப் படபடவென்று சத்தம் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து மெயின் ரோட்டிலேயே இருந்துவிடுங்கள். சாலையில் வலை காயப் போட்டிருப்பார்கள், அல்லது உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருப்பார்கள். அதன் மேல் டயர் ஏறினால் அறுவது அவர்களுடைய ஒரு நாள் பிழைப்பு. செங்கல்பட்டுக் கரையில் ஒரு குப்பத்தில், "அக்கா, வண்டியை இங்க நிறுத்திக்கலாமா?" என்று கேட்டபோது மீன் கூடையை இறக்கிக்கொண்டிருந்த அம்மா சொன்னார்: "நிறுத்துப்பா. அந்த நீல வலை மேல மட்டும் ஏத்தாத. குளிக்க எறங்காதீங்க, இங்க இழுக்கும்." கேட்டதால் எச்சரிக்கையும் சேர்ந்து கிடைத்தது. வங்கக் கடல் கரையில் அடி இழுப்பு எங்கே இருக்கிறது என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும். கடலைப் பார்ப்பதற்காக இறங்குகிறோம், கடலில் இறங்குவதற்காக இல்லை என்பதில் நாங்கள் இருவரும் கறாராக இருக்கிறோம்.

புதுச்சேரியில் ராத்திரி தங்கல், அவ்வளவுதான். அந்த ஊரைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பைக்கில் போகிறவருக்கு அங்கே ஒரு விசேஷம்: தமிழ்நாட்டைவிட பெட்ரோல் விலை குறைவு. டேங்கை முட்ட நிரப்பிக்கொள்ளலாம். அடுத்து அதே விலை காரைக்காலில் கிடைக்கும், அதுவும் புதுச்சேரி ஆட்சிப் பகுதிதான்.

கடலூரில் தேவனாம்பட்டினம், புனித டேவிட் கோட்டை மிச்சம். 1781இல் ஹைதர் அலியும் ஆங்கிலேயரும் மோதிய பரங்கிப்பேட்டை, பிச்சாவரத்தில் சுரபுன்னைக் காட்டுக்குள் படகு. பிச்சாவரத்துக்குக் காலையில் முதல் படகில் போய்விட வேண்டும். வெயில் ஏறினால் வேர்களுக்கு நடுவே இருக்கிற நிழல் போய்விடும், கூட்டமும் வந்துவிடும்.

கொள்ளிடம் பாலத்தைத் தாண்டினால் சாலையின் குணம் மாறும். இது டெல்டா. தை, மாசி என்றால் சம்பா அறுவடை. கிராமச் சாலைகளில் பாதி அகலத்துக்கு நெல்லைப் பரப்பிக் காய வைத்திருப்பார்கள். ஓரத்தில் கல் வரிசை இருக்கும், வண்டிகள் ஏறக் கூடாது என்பதற்காக. சில இடத்தில் வைக்கோலைச் சாலையிலேயே விரித்திருப்பார்கள். காய்ந்த நெல்மணியின் மேல் டயர் ஏறினால் பிடிமானம் என்பதே இருக்காது, அதன் மேல் பிரேக் போட்டால் வண்டி பக்கவாட்டில் போய்விடும். வைக்கோல் இன்னும் மோசம், செயினிலும் சைலன்சரிலும் சுற்றிக்கொண்டு புகையும். ஆக, நெல்லைப் பார்த்ததும் வேகத்தை முப்பதுக்குக் குறைத்து, மிச்சமிருக்கும் பாதியில் எதிரே வருபவருக்கு வழிவிட்டுப் போவது. வருஷம் முழுக்கப் பாடுபட்டவர்களுக்குக் களம் போதாமல் சாலைக்கு வருகிறார்கள். நாம் நாலு நாள் ஊர் சுற்ற வந்தவர்கள். யார் ஒதுங்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தை மாதத்துக் காலைப் பனி வேறு இங்கே எட்டு மணி வரை விலகாது, ஆகவே டெல்டாவில் மட்டும் விடியற்காலைப் புறப்பாடு கிடையாது.

பூம்புகாரில் காவிரி கடலில் சேருகிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் மனைவியின் ஆசை. போய்ப் பார்த்தவர்கள் எல்லோரும் சொல்வது போல அது ஒரு வாய்க்கால் அளவுக்குத்தான் இருக்கும். குடகிலிருந்து அத்தனை அணைகளையும் அத்தனை வயல்களையும் கடந்து, கொடுத்தது போக மிஞ்சியது அது. அதைத் தெரிந்துகொண்டு போய் நின்றால் ஏமாற்றம் வராது என்று நினைக்கிறேன்.

தரங்கம்பாடியில் ஒரு ராத்திரி. 1620இல் டேனிஷ்காரர்கள் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கிக் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டை. 1706இல் வந்திறங்கிய பாதிரியார் சீகன்பால்கு தமிழ் கற்று, அச்சகம் வைத்து, 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டுக் கொண்டுவந்த ஊர். 1845இல் டேனிஷ்காரர்கள் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். ஊர் சின்னது, வண்டியை நிறுத்திவிட்டு நடந்தே சுற்றலாம். கடலை ஒட்டி மாசிலாமணிநாதர் கோயில், அலை அரித்துத் தின்றது போக மிச்சம்.

காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி. இந்த நீளத்தில் மட்டும் நான் இடங்களைக் குறைத்தேன். 2004 டிசம்பர் 26 காலைச் சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் பக்கம் வேடிக்கை பார்க்கிறவர்களாகப் போய் நிற்க மனசு ஒப்பவில்லை. நாகை துறைமுகத்தின் ஓரத்தில் டீ குடித்துவிட்டு, 2023இலிருந்து விட்டு விட்டு ஓடுகிற காங்கேசன்துறைக் கப்பல் அன்றைக்கு நின்றால் அதைப் பார்த்துவிட்டுப் போவோம். கடலின் அந்தப் பக்கமும் நம் மொழி பேசுகிற கரைதான் என்பது இந்த வழி நெடுகிலும் நினைவில் இருக்கும்.

வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரைக்குப் போகிற வழியில் அகஸ்தியம்பள்ளி. இரண்டு பக்கமும் உப்பளம், உப்பு சத்தியாகிரக நினைவுத்தூண். 1930 ஏப்ரல் 13 திருச்சியில் கிளம்பி, ஏப்ரல் 28 வேதாரண்யம் வந்து சேர்ந்தது ராஜாஜியின் படை. 150 மைல். அவர்கள் பதினைந்து நாள் நடந்த தூரத்தைப் பைக் ஒரு பகலில் கடந்துவிடும். சத்தியாகிரகிகளுக்குச் சோறோ இடமோ கொடுப்பவர்களுக்குத் தண்டனை என்று தஞ்சைக் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். ஊர்க்காரர்கள் சோற்றுப் பொட்டலங்களை வழியிலிருந்த மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுவிட்டுப் போனார்கள். கொடுத்தவர் யார் என்று தெரியாது, சாப்பாடு மட்டும் இருக்கும். நத்தத்தனாரின் வழிச்சோற்றுப் பட்டியலுக்கு அடுத்தபடி இந்தக் கதையைத்தான் நான் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அகஸ்தியம்பள்ளியில் நிற்காமல் போகிற பைக் பயணம் எதையும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

கோடியக்கரையில் வெளிமான், பூநாரை, சதுப்பு நிலம். கஜா புயல் 2018 நவம்பரில் இந்தப் பக்கம்தான் கரையேறியது. மரங்கள் பட்ட அடி இன்னும் தெரியும் என்கிறார்கள்.

இங்கே கரை மேற்கே மடங்கும். பெரும்பாலான சென்னைப் பயணங்கள் இந்த இடத்தில் கரையை விட்டுவிட்டுத் தஞ்சாவூர்ப் பக்கம் ஏறிவிடும். எங்களுக்கோ இதற்குப் பிறகு வருவதுதான் ஆசை. முத்துப்பேட்டை அலையாத்திக் காடு, அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல், தொண்டி, தேவிபட்டினம். பாக் நீரிணையின் கரை. ஆழமில்லாத கடல், பெரிய அலை இல்லை. கடற்புல் மேய வருகிற கடற்பசுவுக்காக 2022இல் தஞ்சை, புதுக்கோட்டைக் கடலில் ஒரு பாதுகாப்பகம் அறிவித்தார்கள், நாட்டிலேயே அதுதான் முதல். மல்லிப்பட்டினம் பக்கத்தில் மனோரா. எங்கோ ஐரோப்பாவில் நெப்போலியன் தோற்றதற்காக, தஞ்சை சரபோஜி மன்னர் இங்கே ஒரு தென்னந்தோப்புக் கரையில் எட்டடுக்குக் கோபுரம் கட்டினார் என்பதை யோசிக்க யோசிக்க ஆச்சரியம் தீராது. அதன் அடியில் மத்தியானம் நிழலில் படுப்பது என்று திட்டத்திலேயே எழுதியிருக்கிறது. தொண்டி தாண்டிக் காரங்காட்டில் வனத்துறைப் படகு, அங்கேயே ஊர்ப் பெண்கள் சமைத்த சாப்பாடு. இந்த நீளத்தில் பெட்ரோல் பங்க் எப்போதாவதுதான் வரும் என்று வைத்துக்கொண்டு, டேங்க் பாதிக்கு வந்தால் நிரப்பிவிடுவது என்று விதி.

பாம்பன் சாலைப் பாலம் 1988இல் திறந்தது, இரண்டே கால் கிலோமீட்டருக்கும் மேலே நீளம். நடுவில் நிறுத்திப் படம் எடுக்கிறவர்கள் நிறைய. எங்கள் மெக்கானிக் அண்ணன் இதற்கும் ஒரு வார்த்தை வைத்திருந்தார்: "பாலத்து மேல காத்து பக்கத்துல தள்ளும் தம்பி. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காதீங்க, முட்டியால டேங்கைப் பிடிங்க." பக்கத்திலேயே, 1914ஆம் வருஷத்து ரயில் பாலத்துக்குப் பதிலாக 2025 ஏப்ரலில் திறந்த புதிய செங்குத்துத் தூக்குப் பாலம்.

தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனை வரை தார்ச்சாலை 2017இல் வந்தது. அதற்கு முன் மணலில் ஜீப்பும் மீன் வண்டியும்தான். 1964 டிசம்பர் புயலில் ஊரும் ரயிலும் போன கதை எல்லோருக்கும் தெரியும். அந்தச் சாலையில் இடப்பக்கம் பாக் நீரிணை, வலப்பக்கம் மன்னார் வளைகுடா. ஊர்க்காரர்கள் அமைதியான இடப்பக்கத்தைப் பெண் கடல் என்றும், அலை புரளும் வலப்பக்கத்தை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். இருட்டுவதற்குள் அங்கிருந்து வெளியே வந்துவிட வேண்டும், ஆகவே ராமேசுவரத்தில் தங்கி விடிகாலையில் போவது.

திரும்பும் வழி ராமநாதபுரம், பரமக்குடி, மதுரை, திருச்சி, விழுப்புரம், செங்கல்பட்டு, வண்டலூர். அதில் அழகு பார்க்க எதுவும் வைக்கவில்லை. நடுவே திருச்சியில் ஒரு ராத்திரி. வீட்டுக்குள் வண்டியை ஏற்றுவதற்கு முன்னால் நேரே ஆவடிப் பட்டறை, முழு வாட்டர் சர்வீஸ், செயின் கழற்றி மண்ணெண்ணெயில் ஊற. அண்ணனிடம் இப்போதே நாள் சொல்லி வைத்தாயிற்று.

முடிவாகாதது ஒன்றுதான். வேதாரண்யத்தில் தங்குவதா, கோடியக்கரையிலேயே தங்குவதா என்பதில் வீட்டில் இன்னும் பேச்சு ஓடுகிறது. அவளுக்குச் சாயங்காலம் மான் பார்க்க வேண்டும். எனக்கு அதிகாலையில் உப்பளத்தில் வேலை தொடங்குவதைப் பார்க்க வேண்டும்.